அழும் நாய்க்குட்டியும் ஒன்பதாம் பிரிவும்

மார்ச் 4

செயலிகளுக்கான புதிய சட்ட வரைவில் ஒன்பதாம் பிரிவை எழுதி முடித்தேன். ஒரே வாக்கியம்: "ஒரு செயலியில் சேர்வது எவ்வளவு எளிதோ, அதிலிருந்து விலகுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும்." சட்ட வரைவுத் துறைக்கு வந்த பிறகு நான் தனியாக எழுதிய முதல் பிரிவு. பெருமை தாங்கவில்லை. மேலதிகாரியிடம் கொண்டுபோய் நீட்டினேன். யார் எதை எழுதினாலும் பாதியை வெட்டிவிடுவார் என்பதால் அவருக்கு எங்கள் அறையில் கத்தரிக்கோல் என்று பெயர்.

இன்று எதையும் வெட்டவில்லை. "நல்லா இருக்கு. திருடன் படிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் துறையின் வழக்கம் அது. எந்த வரைவையும், அதிலிருந்து தப்பிக்க நினைப்பவன் கண்ணால் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். இந்தத் தடவை வரைவைப் பொதுமக்கள் கருத்துக்காக இணையத்திலேயே போட்டுவிட்டார்கள். இனி ஊரே திருடன்தான்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா காலையிலிருந்து கைபேசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உடற்பயிற்சிச் செயலி ஒன்றில் சேர்ந்து, நான்கு நாள் கையைக் காலை ஆட்டிவிட்டு, இப்போது விலகப் பார்க்கிறாள். மாதச் சந்தா மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பக்கத்தைத் தட்டினால் இன்னொரு பக்கம், அதைத் தாண்டினால் 'ஏன்?' என்று ஒரு கேள்வி. எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு நாய்க்குட்டி வந்து கண்ணீர் விடுகிறது: 'என்னை விட்டுப் போறீங்களா?'

"ஐயோ பாவம்" என்று அம்மா மூடிவிட்டாள். மூன்றாவது தடவையாம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த நாய்க்குட்டியை வரைந்தது என் தங்கை. அவள் அந்தக் கம்பெனியில்தான் செயலி வடிவமைக்கிறாள்.

"பெத்தவளையே அழ வச்சிட்டியேடி!"

"அழுதது நாய்தான்க்கா. அம்மா இல்ல."

கோபத்தில் வரைவை அவள் முன்னால் வைத்து, நீயே திருடனாகப் படி என்றேன். ஒரு வாய் காபி குடிக்கும் நேரம்தான் எடுத்துக்கொண்டாள். "சேர ஒரு பட்டன், விலக ஒரு பட்டன். சரி, வச்சிடறேன். வெள்ளைப் பக்கத்துல வெள்ளை எழுத்துல வைப்பேன். இல்லன்னா நாயை இன்னும் கொஞ்சம் சத்தமா அழ விடுவேன். உன் பிரிவுல அழக்கூடாதுன்னு எங்க இருக்கு?"

எங்கும் இல்லை. என் அழகான ஒற்றை வாக்கியம்!

மார்ச் 10

பட்டன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். விலகுபவரைக் குற்ற உணர்வுக்கு உள்ளாக்கும் படமோ சொல்லோ கூடாது என்று இன்னொன்று. அலுவலகத்தில் இப்போது எல்லோரும் இதை நாய்க்குட்டிப் பிரிவு என்கிறார்கள். எப்படியாவது போகட்டும்.

மார்ச் 19

நாளை கருத்துக் கேட்புக் கூட்டம். தங்கையின் கம்பெனி ஒன்பதாம் பிரிவை எதிர்க்கிறது. அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம்! கத்தரிக்கோலிடம் ஓடிப்போய், எதிர்ப்பக்கம் என் தங்கை என்று சொன்னேன். "எழுத்துல குடுத்துடு. நாளைக்கு வாயைத் திறக்காம குறிப்பு மட்டும் எடு" என்றார். வாயைத் திறக்காமல் நானா?

மார்ச் 20

கூட்டம் முடிந்தது.

கம்பெனி வக்கீல் நன்றாகத்தான் பேசினார். விலகும் பட்டன் தொழில்நுட்பத்தில் ரொம்பச் சிக்கலான விஷயமாம், ஒரு வருடமாவது அவகாசம் வேண்டுமாம். கத்தரிக்கோல் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த என் தங்கையைப் பார்த்தார். "நீங்கதானே வடிவமைக்கிறீங்க? எவ்வளவு நாள் ஆகும்மா?"

வக்கீல் அவளைப் பார்த்தார். நான் என் பேனாவைப் பார்த்தேன்.

"மத்தியானம் சாப்பிட்டுட்டு உட்கார்ந்தா, சாயங்கால காபிக்குள்ள முடிஞ்சிடும் மேடம்."

அறை முழுக்கச் சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. நாளைக் காலை முதலாளி அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம் அவளை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: ஏன்டி அப்படிச் சொன்ன? — "பொய் சொல்லத் தோணலக்கா, நீ வேற எதிர்ல உட்கார்ந்து முழிச்சிட்டிருந்த." பழி என் தலையிலா? வேலை போயிட்டா என்ன பண்றது? ஆசை ஆசையாச் சேர்ந்த வேலை. என் ஒரு பிரிவுக்காக அவ தெருவுல நிக்கணுமா?

மார்ச் 21

வேலை போகவில்லை. இன்னும்.

"அந்த மத்தியான வேலையை நீயே செஞ்சு குடு. சந்தா கட்டுற ஆள் குறைஞ்சா அதுக்கும் நீயே பதில் சொல்லு" என்றாராம் முதலாளி. சட்டம் வந்து ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் அவளை வைத்துக்கொள்வதா என்று முடிவாம். தங்கை விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். பயந்தால்தான் விசிலடிப்பாள், எனக்குத் தெரியும்.

ஜூன் 30

ஒன்பதாம் பிரிவோடு சட்டம் நிறைவேறியது. கத்தரிக்கோல் ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை!

ஆகஸ்ட் 1

இன்று முதல் அமல். அம்மா செயலியைத் திறந்ததுமே பட்டன் தெரிந்தது, பளிச்சென்று. தட்டினாள். விலகியாகிவிட்டது. அவ்வளவுதான்! பிறகு நாய்க்குட்டி வந்தது. அழவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு, 'போயிட்டு வாங்க, முழங்கால் பத்திரம்' என்றது.

"அட, என்ன மரியாதை!" என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 9

காலையில் கூடத்தில் தொம் தொம்மென்று சத்தம். அம்மா குதித்துக்கொண்டிருக்கிறாள். தானே மறுபடி சேர்ந்துவிட்டாளாம். "வேணாம்னா ஒரு தட்டுல வந்துடலாமே, அப்புறம் என்ன பயம்?"

செப்டம்பர் 2

விலகிப் போனவர்களில் பாதிப் பேருக்கு மேல் திரும்பி வந்துவிட்டார்கள். புதிதாகச் சேர்பவர்களும் கூடியிருக்கிறார்கள். முதலாளி தங்கையைக் கூப்பிட்டு, செயலி வடிவமைப்பு முழுக்க இனி உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவள் விசிலே அடிக்கவில்லை. அழுதாள். நானும்தான்.

"அழுற நாயைத் தடுத்தேன், வாலாட்டுற நாயை யோசிக்கவே இல்லையேடி" என்றேன்.

"திருத்தம் கொண்டு வரப்போறியா?"

வேண்டாம். காலையில் அம்மா தனியாகக் குதிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் நானும் சேர்ந்துவிட்டேன். சேர்வதற்கு முன்னால் விலகும் பட்டன் எங்கே என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.