பூரணிக்குத் தொண்டை நோ

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
மாசி 14, 1998

கோணேசர் காவலில் இருக்கும் அன்பு மகள் பூரணிக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் தொண்டையும் சுகமாக இருக்கும் என்றே நம்புகிறேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் என் மானம் போன கதையைக் கேள். "இப்போது பன்னிரண்டு பார் ப்ளூஸ்தான் கூடப் பாடுகிறேன், சனம் விரும்பிக் கேட்கிறது" என்று ஐப்பசியில் எழுதியிருந்தாய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு பார் என்றால் ஒன்றுதான். என் பிள்ளை கொழும்பில் பன்னிரண்டு சாராயக் கடைகளில் பாடித் திரிகிறாள் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்குப் பியானோ பழக்கிய சிஸ்டரிடம் கொன்வென்ற்றுக்கே ஓடினேன். "ஒரு கடை காணாதோ சிஸ்டர், ஏன் பன்னிரண்டு?" என்று கேட்டேன். அவருக்கு விளங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பார் என்பது பாட்டின் அளவு, எங்கள் தாளக்கட்டு மாதிரி, பன்னிரண்டு முடிந்தால் திரும்ப முதலில் இருந்து வரும் என்று கை தட்டிக் காட்டினார். வாசலில் நின்ற பெற்றோரும் சேர்ந்து சிரித்தார்கள். அடுத்த நாள் தொடக்கம் நான் வேலை செய்கிற படகு ஜெட்டியில் என் பெயர் அருளம்பலம் இல்லை. மூதூர் போகிற லோஞ்ச் படகுக்கு டிக்கெட் வாங்க வருகிறவர்கள் "பன்னிரண்டு பார், ரெண்டு டிக்கெட் தாரும்" என்கிறார்கள்.

உன் விஷயத்தில் நான் எதைத்தான் ஒழுங்காக விளங்கிக்கொண்டேன்? வீட்டில் பியானோ இல்லாமல் சாப்பாட்டு மேசை விளிம்பில் நீ விரலை ஓட்டிப் பழகினாய். நான் அதை நரம்பு வருத்தம் என்று நினைத்துக் கோயிலில் மந்திரித்துக் கையில் நூல் கட்டினேன். டைப்பிங் படிக்கக் கொழும்புக்கு அனுப்பினேன். விரலுக்கு வேலை கிடைத்தது சரி, மெஷின்தான் மாறிவிட்டது. ஹோட்டலில் விருந்தாளிகள் தேத்தண்ணி குடிக்கும்போது மெல்ல வாசிக்கிற வேலை என்றாய். பாட்டுக்காரிக்குக் காய்ச்சல் வந்த அன்று அவளுக்குப் பதிலாகப் பாடினாய். இப்போது வாசலில் உன் படம் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்களாம்.

எழுதி வைத்ததை அப்படியே பாடாமல், அந்த நேரம் மனதில் வருவதைச் சேர்த்துப் பாடுவதுதான் ஜாஸ் என்று விளங்கப்படுத்தினாய். கோயிலில் நாதஸ்வரக்காரர் ராகத்தில் அலைந்து திரும்புவது போல என்று பிடித்துக்கொண்டேன். எங்களுக்கு இங்கே அது ஏலாது, மகள். வழியில் மறிக்கிற படையினரின் சோதனைச் சாவடியில் நேற்றுச் சொன்னதையே இன்றும் அட்சரம் பிசகாமல் சொல்ல வேண்டும்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். துறைமுகப் படை முகாமில் நடக்கும் நடன விருந்துக்கு உன் குழுவைக் கேட்டிருக்கிறார்கள், அவர்களே விமானத்தில் கூட்டி வருவார்கள், இரண்டு நாள் வீட்டிலும் நிற்கலாம், "வரட்டோ அப்பா?" என்று கேட்டிருந்தாய். அம்மாவுக்கு அந்த வரியை மட்டும்தான் வாசித்துக் காட்டினேன். அவ உடனே உன் கட்டில் விரிப்பைத் தோய்க்கப் போட்டுவிட்டா.

ஆனால் உன் கடிதம் வருவதற்கு முன்னமே இங்கே ஏதோ சரியில்லை. சாவடி ஓபீசர் என் பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்க்கிற மனிதர். ஒரு நாள் பையைத் திறக்காமலே சிரித்துப் போகச் சொன்னார். அவர் முறைத்திருந்தால் வழக்கம் போல நடந்திருப்பேன். சிரித்ததால் வீடு வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனேன். பிறகு பக்கத்து வீட்டுக் குணரத்தினம் வேலிக்கு மேலால் எட்டி, மகள் பெரிய இடத்தில் பாட வாறாவாம் என்றார். எனக்கே தெரியாத செய்தி அவருக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து அவர் வீட்டு நாய் குரைத்தாலும் யாருக்குச் சொல்கிறது என்று யோசிக்கிறேன்.

லோஞ்ச் ஓட்டுகிற அபூதாஹிரையும் சந்தேகப்பட்டேன். அவரிடம் போய், என்ர மகளின் கதையை யாரிடம் சொன்னீர் என்று கேட்டேன். "நான் சொல்லியா ஊருக்குத் தெரியணும்? கொன்வென்ற்றுக்குள்ள நீங்க போட்ட சத்தம் மூதூர் கரைக்குக் கேட்டிச்சே" என்றார். அதுவும் நியாயம்தான்.

ஆனால் முகாம்காரர் உன்னைக் கேட்டு எடுத்ததற்குக் காரணம் அது இல்லை. தீபாவளிக்கு நீ பாடி அனுப்பிய கசெட்டைச் சாவடியில் எடுத்து வைத்தார்கள். கேட்டுப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை. உன் மனம் நோகும் என்று கசெட் கிடைத்தது, நல்லாயிருந்தது என்று எழுதிவிட்டேன். அதை முகாமுக்குள்ளே இருந்து கேட்டவர்கள்தான் உன்னைத் தேடியிருக்கிறார்கள்.

அதோடு நின்றிருந்தால் வா என்றே எழுதியிருப்பேன். போன வெள்ளி பின்னேரம், லோஞ்ச் போய் ஜெட்டி வெறிச்சோடிய பிறகு, ஒரு பொடியன் என் கவுண்டருக்கு வந்தான். மடிப்புக் கலையாத சேர்ட், பணிவான பேச்சு, வெருகல் ஆள் என்றான். அக்கா பாட வருவது எங்கள் எல்லாருக்கும் பெருமை என்றான். அப்படியென்றால் வெருகல் முருகன் திருவிழாவுக்குத் தவறாமல் போவீரோ என்று கேட்டேன்.

"ஆமாம் ஐயா" என்றான்.

ஆமாம்! இங்கே பிறந்தவன் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்வான். இவன் வெருகல் ஆள் இல்லை. அவன் விடாமல் கேட்டான். அக்கா தன்னுடைய பையோடு உள்ளே போவாவோ, அந்தப் பையைச் சோதிப்பார்களோ, வீட்டில் எந்த இரவு நிற்பாவோ என்று. என்னை ஆழம் பார்க்க முகாம் அனுப்பிய ஆளோ, உன் பையில் குண்டு கிண்டு எதையோ வைத்து உள்ளே அனுப்ப நினைக்கிறவர்களின் ஆளோ, எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் என்றாலும் நடுவில் நிற்பது என் பிள்ளையின் பை.

"அவ எங்க தம்பி வாறது? தொண்டையில புண். பாடக் கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்" என்றேன். எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. நானும் அன்று ஜாஸ் பாடிவிட்டேன் போல.

ஆகவே மகள், உனக்குத் தொண்டை நோ. முதலாளியிடம் இன்றைக்கே சொல். கழுத்தில் துணி சுற்று, ஒரு கிழமையாவது மேடை ஏறாதே, யார் கேட்டாலும் மெல்லிய குரலில் கதை. வர விருப்பமில்லை என்று மட்டும் ஒருவருக்கும் சொல்லாதே. விருப்பமில்லாதவர்களைப் பற்றி இங்கே ஆராய்வார்கள்; நோயாளியை விட்டுவிடுவார்கள். அம்மாவுக்கும் நோ என்றே சொல்லியிருக்கிறேன். அவ அழுதுவிட்டு உனக்குப் பனங்கற்கண்டு கட்டித் தந்திருக்கிறா. அதை மட்டும் சாப்பிடு.

இதைத் தபாலில் போடவில்லை. அபூதாஹிரின் மருமகள் நஜ்முன் நிஸா கண் வைத்தியத்துக்குக் கொழும்பு வருகிறா, கையோடு தருவா. வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் குரலுக்கு ஒரு குறையும் வராமல் கோணேசர் காப்பார். நல்ல காலம் வரும், அப்போது கேட்காமலே வா.

என்றும் உன் நன்மையை வேண்டும்,
அப்பா
அருளம்பலம்

பி.கு.: இன்று காலை நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். சாவடியில் ஓபீசர் மறித்து, மகள் எப்போது வருவார் என்று கேட்டார். தொண்டைக் கதையைச் சொன்னேன். அவர் முகம் உண்மையாகவே வாடியது. உள்ளே போய்க் கொத்தமல்லியும் மருந்து வேரும் கட்டிய கஷாயப் பொட்டலம் ஒன்றைக் கொண்டு வந்து, அவித்துக் குடிக்கச் சொல்லுங்கள் என்று தந்தார். "உங்க மகள் நல்லா பாடுறது ஐயா. நாங்க தினமும் கேக்குறது" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். நல்ல மனிதனோ என்று ஒரு கணம் நினைத்து, அப்படி நினைத்ததற்கும் பயந்தேன். பொட்டலத்தை இத்துடன் அனுப்புகிறேன். குடிக்காதே. எனக்கு அதை எறிய மனம் வரவில்லை.

நன்றி ஐயா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கசெட்டை எனக்கும் ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ என்று கேட்கவில்லை.