என் குடையோடு ஒரு பொம்மை

ஜூலை 14, செவ்வாய். திண்டிவனம்.

கோபம் இன்னும் தணியவில்லை. என் மகன் சரவணன், தான் செய்யும் வீடியோ கேமை இன்று மாலை காட்டினான். நம் ஊர் போலவே ஒரு கடைத்தெரு. மழை வந்தால் பூக்காரி கூடையை மூடுகிறாள். பஸ் வந்தால் கூட்டம் ஓடுகிறது. விளையாடுகிறவர் தொடாமலேயே அவர்கள் தம்பாட்டுக்கு நடந்துகொள்கிறார்கள். கெட்டிக்காரன்தான் என்று நினைத்தேன்.

அப்போது ஒரு விதவை தெருவுக்கு வந்தாள். என் மூக்குக்கண்ணாடி, என் கறுப்புக் குடை, என் நடை. வேலைக்குக் கிளம்பிய ஒருவன் அவளைப் பார்த்ததும் வீட்டுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி கிளம்பினான்.

"இது என்னடா?"

"ஜனங்க இன்னும் அப்படித்தானம்மா பண்ணிக்கினு இருக்காங்க? நிஜம் மாதிரி இருக்கணும்ல."

"உனக்குப் பொண்ணு பார்க்க நான்தானே முன்னால போனேன்? எவன்டா திரும்பிப் போனான்?"

"அது சும்மா பொம்மைம்மா. பேஜாரு பண்ணாத."

"பொம்மைக்கு எதுக்குடா என் குடை? எடுத்துடு அவளை."

மாட்டானாம். ஆபீஸில் எல்லோரும் அந்த இடத்தைத்தான் பாராட்டுகிறார்களாம்.

நாளைக் காலை அதை முதலாளியிடம் காட்டச் சென்னை போகிறான். அவன் வாசற்படி இறங்கும்போது நான் நேர் எதிரே நடந்து வரப்போகிறேன். திரும்பி உள்ளே போகட்டும், பார்க்கிறேன்.