நாநாப் பந்தி

நாநா,

நேற்றுப் பின்னேரம் வகுப்புக்கு ரியூட் அடிக்கப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நீங்கள் ரைப் பண்ணிப் பிரதி எடுத்துக்கொடுத்த கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக்குக் கண்ணாடி மாற்றுகிறார்கள். இரண்டு கடை தள்ளிப் போகவேண்டியிருந்தது. புது மெஷின், சத்தமே இல்லை. இருபத்தாறு பிள்ளைகளுக்கான குறிப்புத்தாள்களும் சுடச்சுட வந்து விழுந்தன. கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அந்தச் சூடும் மையின் கருகல் வாசமும் அப்படியே உங்கள் கடையாக இருந்தது. பஸ்ஸுக்கு நின்றபடி முதல் பக்கத்தை வாசித்தேன். நான் எழுதியது எழுதியபடியே இருந்தது. ஒரு சொல்லும் கூடவில்லை, ஒரு சொல்லும் மாறவில்லை. கடைசிப் பக்கத்தின் அடிவரை தேடியும் ஒன்றும் கூடியிருக்கவில்லை.

நீங்கள் இருந்தவரை அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

நான் முதன்முதலில் உங்களிடம் வந்தது ஏன் என்று உங்களுக்குச் சொன்னதேயில்லை. ரியூசன் நிலையத்தில் உயர்தர வகுப்புக்கு இலக்கியம் படிப்பிக்க எடுத்திருந்தார்கள். பட்டம் எடுத்திருந்தேனே தவிர, பத்தொன்பது பேருக்கு முன்னால் நின்றால் எனக்குக் குரல் வராது. அதனால் வாயால் சொல்லவேண்டியதையெல்லாம் எழுதி, ஊரே அண்ணன் முறைக்கு நாநா என்று கூப்பிடும் உங்களிடம் ரைப் பண்ணக் கொடுத்தேன். ஒரு கதையை ஆராய்ந்து கட்டுரை எழுதுவது எப்படி என்பதுதான் முதல் ரியூட். ஒவ்வொரு பந்தியிலும் முதலில் உன் கருத்தைச் சொல், பிறகு கதையிலிருந்து ஒரு சான்று காட்டு, பிறகு அந்தச் சான்று உன் கருத்தை எப்படித் தாங்குகிறது என்று விளக்கு. அவ்வளவுதான். பாடத்தில் இருந்த கதையும் சின்னக் கதை. தொலைந்துபோன மகனுக்காகக் கதவைப் பூட்டாமல் தூங்கும் ஒரு தாய். அதையும் அதற்கு நான் எழுதிய சின்ன விளக்கத்தையும் சேர்த்து ரைப் பண்ணித் தந்தீர்கள்.

நான் வாசித்துப் பார்க்காமலே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை பத்தொன்பது கட்டுரைகள் வந்தன. முதலாவதில், "முத்துக் குளிப்பவன் மூச்சை அடக்கிக் கடலில் இறங்குவதுபோல, இக்கதையின் ஆழத்துக்குள் நாமும் இறங்குவோமாக" என்றிருந்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன். இரண்டாவதிலும் அதுவே. பத்தொன்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கியிருந்தார்கள். ஒருவரும் மேலே வரவில்லை. இறங்கிய கையோடு, "இத்தாய் மிகவும் பாசமுள்ளவர், ஏனெனில் அவர் ஒரு தாய்" என்று எழுதி முடித்திருந்தார்கள்.

நிலையப் பொறுப்பாளர் கட்டுரைகளைத் தட்டிப் பார்த்தார். "டீச்சர், ஒரே கட்டுரையைப் பத்தொன்பது தரம் வாசிச்ச மாதிரிக் கிடக்கு. பின் வாங்கில இருக்கிற பிள்ளையளுக்கு உங்கட வாய் அசையிறது மட்டும்தான் தெரியுதாம். மாதக் கடைசி மட்டும் பாப்பம்" என்றார்.

மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. எங்கள் வீட்டில், ஏன், சல்லிக் கிராமத்தில் எங்கள் ஒழுங்கையிலேயே, பல்கலைக்கழகம் போனவள் நான் ஒருத்திதான். கதை வாசிக்கிறதும் ஒரு வேலையோ என்று அப்பா வலையைப் பின்னிக்கொண்டே கேட்பார், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் நான் 'பெரிய வகுப்புக்கு' படிப்பிப்பதாகச் சொல்லிவைத்திருந்தார். வேலை போய்விட்டது என்றால் அவர் ஒன்றும் கேட்கமாட்டார். அதுதான் எனக்குப் பயம்.

திங்கட்கிழமை சல்லியிலிருந்து சைக்கிள் மிதிக்கும்போதே உங்களிடம் சொல்லவேண்டிய வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்தேன். கடையில் உங்களைத் தவிர அடையாள அட்டைக்குப் பிரதி எடுக்க ஒரு மீன் வியாபாரி நின்றார். என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரும் நின்றார்கள். திரும்பிப் போகத்தான் நினைத்தேன். நீங்கள் கண்டுவிட்டீர்கள்.

"நாநா, நீங்கள் என்ட ரியூட்டில ஒரு வரி சேர்த்திருக்கிறீங்கள்."

"ஓம். நல்லா இருக்கா?"

நீங்கள் பாராட்டை எதிர்பார்த்து நின்ற நிற்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"அதை எடுத்துவிடுங்கோ நாநா."

"ஏன் புள்ள? மொட்டையாத் தொடங்கிறதா? ஊட்டுக்கு வந்த ஆள வாங்க எண்டு சொல்லாம கதிரையக் காட்டுற மாதிரி."

"கேள்வி தாயைப் பற்றி. முத்துக் குளிக்கிறதைப் பற்றி இல்லை."

"சரி, அத விடுங்க. உங்கட விளக்கமும் பிழைதானே."

அடையாள அட்டையை மெஷினுக்குள் வைத்து மூடிவிட்டு, பொத்தானை அழுத்தாமல், ரியூட்டின் பிரதியொன்றை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினீர்கள். "மகன் வருவான் எண்டுதான் கதவப் பூட்டல்ல எண்டு எழுதியிருக்கீங்க. ரெண்டாம் பக்கத்தப் பாருங்க. தாழ்ப்பாள் துருப்புடிச்சிருந்தது எண்டு இருக்கு. நான்தானே ரைப் பண்ணினனான். பூட்ட ஏலாது, அதனால பூட்டல்ல. இதில எங்க பாசம்?"

என் பத்தொன்பது பிள்ளைகளில் ஒருவரும் காட்டாத சான்றை நீங்கள் காட்டிக்கொண்டு நின்றீர்கள். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. கோபம்தான் வந்தது.

"அந்தத் தாழ்ப்பாள் ஏன் நாநா துருப்பிடிச்சது? ஒருநாளும் போடாததாலதானே."

"கடற்காத்து புள்ள. கிண்ணியாவுக்கு வந்து பாருங்க. எங்கட ஊட்டுக் கேற்ற ஒரு நாளைக்கு நூறு தரம் திறக்கிறம், சாத்துறம். அதுவும் துருதான்."

"உண்மை," என்றார் மீன் வியாபாரி. "என்ட சைக்கிள் செயினும் அப்பிடித்தான்."

கடை முழுக்க உங்கள் பக்கம். எனக்குக் காது சுட்டது. உங்கள் கையிலிருந்த தாளைப் பறித்தேன். அப்படி யாரிடமும் எதையும் நான் பறித்ததில்லை. அடுத்த வரியைப் பார்த்தேன். பத்துத் தரம் வாசித்தும் என் கண்ணில் படாத வரி அது.

"இங்க பாருங்கோ நாநா. 'பக்கத்து யன்னலின் கொழுக்கி தேய்ந்து மினுங்கியது.' யன்னலுக்கும் அதே கடற்காத்துத்தானே? அது மினுங்குது. ஏனெண்டால் அவ ஒவ்வொரு நாளும் யன்னலைச் சாத்துறா. கதவை மட்டும் சாத்திறேல்ல. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, தாழ்ப்பாள் துருப்பிடிக்கிற அளவுக்கு. கதையில பாசம் எண்ட சொல்லே இல்லை நாநா. இந்த ரெண்டு இரும்புதான் இருக்கு."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பது எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மீன் வியாபாரி என்னைப் பார்த்தார். "அப்ப மகன் வந்தவனா?"

"அது கதையில இல்லை அண்ணன்."

"இல்லாட்டி எழுத ஏலாதோ?"

"ஏலாது."

அவர் மெஷினின் மூடியைத் தூக்கி அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு நீங்கள் பிரதி எடுத்துக் கொடுக்கவேயில்லை என்பது அவர் போனபிறகுதான் உங்களுக்கு நினைவு வந்தது.

"டீச்சர், கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ, எழுதேலாமக் கிடக்கு," என்றாள் பிள்ளைகளில் ஒருத்தி. மெஷினின் மூடியில் கொப்பியை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். மற்றவள் அவள் காதில், "டீச்சருக்குச் சத்தம் வருது" என்றாள். அது எனக்கும் கேட்டது.

நீங்கள் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. "யன்னல் உங்கட விளக்கத்தில இல்லையே," என்று மட்டும் சொன்னீர்கள். ஒரு வரியைச் சேர்த்தது பிழை, ஒரு வரியை விட்டது அதைவிடப் பிழை என்பதுபோல.

அடுத்த வகுப்புக்கு நான் ரியூட் கொண்டுபோகவில்லை. உங்களைத்தான் கொண்டுபோனேன். நீங்கள் சொன்னதை நீங்கள் சொன்ன தோரணையிலேயே சொல்லிவிட்டு, "இப்பிடி ஒருத்தர் வந்து சொன்னால் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன். பின் வாங்கு எழும்பிவிட்டது. பாதிப் பேர் கடற்காற்றின் பக்கம், பாதிப் பேர் யன்னலின் பக்கம். மூச்சை அடக்கி ஒருவரும் இறங்கவில்லை, எல்லோரும் கதையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாளர் வாசலுக்கு வந்தார். "டீச்சர், சத்தம் கூடிப்போச்சு. பக்கத்தில கணக்குப் படிக்கினம்" என்றார். மாதக் கடைசியைப் பற்றி அதன்பிறகு அவர் கதைக்கவேயில்லை.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகள் சண்டைக்கென்றே ஆகிவிட்டன. ரியூட் அடிக்குமுன் நான் ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்பேன். நீங்களும் விடமாட்டீர்கள், முதல் பக்கத்தில் பிடிபட்டால் கடைசிப் பக்கத்தின் அடியில் ஒளித்துவைப்பீர்கள். ஒருமுறை வினாத்தாளின் தலைப்பில், "எல்லா வினாக்களுக்கும் விடை எழுதுக" என்பதற்குப் பக்கத்தில் "பதறாதீர்கள்" என்று சேர்த்திருந்தீர்கள். அதை மட்டும் விட்டுவைத்தேன். இன்றும் இருக்கிறது.

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து வந்த இரண்டாம் திங்கட்கிழமை கடை பூட்டியிருந்தது. மெஷினுக்கு மை வாங்கப் போயிருப்பீர்கள் என்று நினைத்து, படியில் அரைமணித்தியாலம் இருந்தேன். எதிர்க்கடைக்காரர்தான் வந்து சொன்னார். நெஞ்சு நோவாம். முதல்நாளே அடக்கமும் முடிந்துவிட்டதாம். என் கையில் நீங்கள் பார்க்காத நாலு பக்கம் இருந்தது.

அந்த வாரமே கிண்ணியாவுக்கு வந்தேன். கேற்றைத் திறந்தபோது கையில் துரு ஒட்டியது. நீங்கள் பொய் சொல்லவில்லை. உள்ளே உங்கள் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்களா அந்தச் சான்று டீச்சர்?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

"உங்களால ஊட்டில நிம்மதியில்ல புள்ள. கறியில உப்பில்லையெண்டு சொல்லுவார். சான்று என்ன எண்டு நான் கேப்பன். அப்ப முழுக் கறியயும் திண்டு முடிச்சிட்டு, இனிச் சான்று இல்ல எண்டுவார்." சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது கட்டுரைக்கு நான் சொல்லிக்கொடுக்கும் அமைப்பு இதுதான் நாநா. கேள்விக்கு நேரே பதில் சொல்லும் முன்னுரை. சான்றோடு மூன்று பந்தி. முடிவுரைக்கு முன்னால் இன்னொரு பந்தி. நீங்கள் சொன்னது பிழை என்று ஒருவர் வந்து நின்றால் அவர் என்ன சொல்வார், அதற்கு உங்கள் பதில் என்ன என்று அதில் எழுதவேண்டும். வகுப்பில் அதற்குப் பெயர் நாநாப் பந்தி. புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்றேன்.

இன்று காலை திருத்திய ஒரு கட்டுரைக்காகத்தான் இந்த மடல். ஈச்சிலம்பற்றிலிருந்து வந்து பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளை. உங்களை ஒருநாளும் கண்டதில்லை. அந்த வீட்டு அக்காவின் பழைய ரியூட்டை எங்கேயோ கண்டெடுத்திருக்கிறாள், முதல் வரியிலேயே முத்துக் குளிப்பவன் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். வெட்டினேன். மன்னிக்கவேண்டும், அதை எத்தனை தரம் கண்டாலும் வெட்டுவேன்.

பிறகு நாநாப் பந்திக்கு வந்தேன். இப்படி எழுதியிருந்தாள்: "தாழ்ப்பாள் கடற்காற்றினால்தான் துருப்பிடித்தது என்று ஒருவர் சொல்லக்கூடும். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அவருடைய வீடு கடலோரத்தில் இருக்கலாம்."

கடைசி வசனத்துக்குக் கதையில் சான்று இல்லை. என் சட்டப்படி அதையும் வெட்டவேண்டும். சிவப்புப் பேனையை அதன்மேல் வைத்துக்கொண்டு நிறைய நேரம் இருந்தேன்.

வெட்டவில்லை நாநா. ஓரத்தில் 'ஓம்' என்று எழுதினேன்.