ஜீப்புக்குள் நீ பேசிய சாயங்காலம்

என் மேசையில் ஒரு பழைய போன் கிடக்கிறது. உறையைக் கழற்றினால் ஏலக்காய் வாசம் அடிக்கிறது. ஜீப்பின் டேஷ்போர்டுக்குள் இத்தனை காலம் கிடந்ததில் ஏறிய வாசம். முந்தாநாள் அதுவாகவே தன் சிஸ்டத்தைப் புதுப்பித்துக்கொண்டதாம். இப்போது, இருப்பிடத்தைப் பார்க்க அனுமதிக்கலாமா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. பதில் சொல்லாமல் நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பட்டா நகல் எடுக்க வந்தவர், "என்னம்மா, போன் செத்துப்போச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

இதே கேள்விக்கு ஒருமுறை தப்பான பதில் விழுந்து, மலையில் மாட்டிக்கொண்ட உன் ஆத்தாவின் இடம் தெரியாமல் போயிற்று இல்லையா, அந்தச் சாயங்காலத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். உனக்குத் தெரிந்த கதைதானே என்பாய். உனக்கு முழுதாகத் தெரியாது. எனக்கே போன வாரம்தான் தெரிந்தது.

பழனிசெட்டிபட்டியில் நாம் கடை போட்ட புதிதில், நான் வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். நீ மூலையில் கணினியில் கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு எதையாவது தட்டிக்கொண்டே இருப்பாய். ஆத்தாவோடு உனக்குப் பேச்சு நின்றுபோயிருந்த சமயம் அது. பொட்டிப்புரத்திலிருந்து ஜீப்பில் மலையேறிப் போய், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் எடுப்பதை நிறுத்தச் சொன்னாய். "கை காலு நல்லாருக்கயில ஒக்காந்து திங்க எனக்கு வராது" என்றார். நீ பதிலுக்கு என்ன சொன்னாயோ, நாலு மாதம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பேசத்தான் மாட்டாய். ஆனால் ஜீப் ஓட்டும் முத்தையா அண்ணனிடம் இந்தப் போனைக் கொடுத்து டேஷ்போர்டுக்குள் வைக்கச் சொன்னாய். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அது தான் இருக்கும் இடத்தை நம் கடைக் கணினிக்கு அனுப்பும், வரைபடத்தில் அது ஒரு புள்ளியாகத் தெரியும். அதற்கு ஆப் எதுவும் கிடையாது. போனிலும் அதே கறுப்புத் திரைதான், உள்ளே நீ எழுதிய நாலு வரிக் கட்டளை. கடையில் இருந்துகொண்டே அதற்குள் நுழையவும் ஒரு வழி வைத்திருந்தாய். "கோவமாம் கோவம், புள்ளி நகருதான்னு வாயப் பொளந்து பாத்துக்கிட்டிருக்கா" என்று நான் கேலி செய்வேன். நீ காதில் வாங்கமாட்டாய்.

அன்று மலையில் நல்ல மழை. ஜீப் திரும்பியிருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. முத்தையா அண்ணன் போன் கிடைக்கவில்லை. மெட்டு தாண்டினால் நம் ஊர்ப் பெண்களின் போன் எதற்கும் சிக்னல் வராது. டேஷ்போர்டு போனில் மட்டும் அந்தப் பக்கம் எடுக்கிற சிம் போட்டிருந்தாய். புள்ளி எங்கே என்று பார்த்தால், முந்தின நாள் ராத்திரி பொட்டிப்புரத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கட்டளையைக் கையால் ஓட்டிப் பார்த்தாய். அனுமதி இல்லை என்று பதில் வந்தது. ராத்திரி போன் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது.

கறுப்புத் திரைக்குக் கொடுத்திருந்த அனுமதி போய்விட்டதாக்கும் என்றேன். நீ சோதித்தாய், போகவில்லை. பிறகுதான் உனக்கு விளங்கியது. இருப்பிடத்தைப் போய்க் கேட்டு வாங்குவது கறுப்புத் திரை இல்லை, அதற்குத் துணையாகப் பக்கத்தில் நிறுவிய இன்னொரு சின்ன ஆப். அதை யாரும் திறப்பதே இல்லை. யாரும் தொடாததை எவருக்கும் வேண்டாதது என்று முடிவுகட்டி, புது சிஸ்டம் அதன் அனுமதியைப் பிடுங்கிவிட்டது. காலையில் முத்தையா அண்ணனிடம் ஒருமுறை கேட்டும் இருக்கிறது. அவர் வேண்டாம் என்று அமுக்கிவிட்டார். பிற்பாடு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவர் நம்மிடமே நியாயம் கேட்டாரே: "நீங்கதான தாயி சொன்னீக, போன் எதக் கேட்டாலும் வேணாம்னு அமுக்குங்கன்னு?"

சொன்னோம்தான். உங்கள் ஊரில் ஒருவர் கடன் ஆப்பில் சிக்கிச் சீரழிந்த பிறகு, ஜீப்பில் போகிறவர்கள் அத்தனை பேரையும் உட்காரவைத்து நீதான் பாடம் எடுத்தாய். போனில் வருகிற குரல் எவ்வளவு இனிப்பாகப் பேசினாலும், இதை அமுக்கு அதை அமுக்கு என்றால் அமுக்கக்கூடாது, சொந்தப் பிள்ளை குரலாகவே இருந்தாலும் நம்பக்கூடாது என்றாய். ஆத்தா பின்வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த அனுமதியைக் கடையிலிருந்து நம்மால் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். திரையில் ஒரு விரல் பட்டே ஆகவேண்டும் என்றாய். "தூரத்துல இருக்கிறவன் யாரும் குடுக்க முடியாதபடிதேன் செஞ்சு வச்சிருக்கான். நல்லதுதேன். இன்னைக்கு மட்டும் நல்லதில்ல."

இடம் தெரியாவிட்டாலும் போன் எந்த வாக்கில் இருக்கிறது என்று கேட்கலாம், அதற்கு அனுமதி வேண்டாம் என்று வேறொரு கட்டளை போட்டாய். மூன்று எண்கள் வந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ உன் போனை மேசையில் வைத்து, அதே எண்கள் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாய். சாய்த்துக்கொண்டே போனாய். எண்கள் ஒத்துவந்தபோது போன் பக்கவாட்டில் கவிழப்போகிற மாதிரி நின்றது. அந்த எண்கள் அசையவும் இல்லை. ஜீப் சரிந்து கிடக்கிறது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது.

பூப்பாறையில் ஜீப் ஓட்டும் பென்னியைக் கூப்பிட்டோம். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, தோட்டத்துப் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் வந்து நின்றுகொண்டு அவர் கேட்டார்: "சேச்சி, மேல வழியா, தாழ வழியா? ரெண்டும் தேடுறதுக்குள்ள இருட்டிப்போகும்."

அப்போதுதான் போனையே பேசவைக்கலாம் என்று உனக்குத் தோன்றியது. அந்த சிம்மில் டேட்டா மட்டும்தான், கூப்பிட்டுப் பேச முடியாது. ஆனால் நாம் எழுத்தில் அனுப்புவதைப் போன் வாய்விட்டு வாசிக்கும். அவர்கள் சொல்வது நமக்குக் கேட்காது. சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டு, அனுமதிக் கேள்வியை மறுபடி திரையில் வரவைத்து, "டேஷ்போர்டில் உள்ள போனை எடுத்து அனுமதி என்பதை அமுக்கவும்" என்று தட்டினாய். ரேடியோ செய்தி வாசிக்கிற அம்மாள் குரலில் அது அந்தச் சரிவில் ஒலித்திருக்கும்.

எண்கள் திடீரென்று குதித்தன. யாரோ போனைக் கையில் எடுத்துவிட்டார்கள். "உசுரோட இருக்காக" என்று என் தோளைப் பிடித்தாய். பிறகு எண்கள் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தன. கையில் வைத்திருக்கிறார்கள், ஆனால் அமுக்கவில்லை.

"ஆத்தாதேன். முன் சீட்டுல அதுதேன் ஒக்காரும்" என்றாய். "நான் சொல்லிக் குடுத்தத அப்படியே கேக்குது பாரு. இன்னொருக்க வேணாம்னு அமுக்கிட்டா அதுக்கப்புறம் அது கேக்கவே கேக்காது."

"ஆத்தா, நாந்தேன்" என்று தட்டினாய். ஒன்றும் இல்லை. "நாந்தேன், ஒம் மக. அனுமதின்னு இருக்கிறத அமுக்கு ஆத்தா." நடுக்கம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வீட்டு மாட்டின் பெயரைச் சொன்னாய், அப்பா இறந்த கிழமையைச் சொன்னாய். நடுவில் பென்னி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். நான் அழுதுகொண்டே, வேறு ஏதாவது சொல்லுடி, உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது என்றேன். நீ என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்ட ஆரம்பித்தாய்.

"ஆத்தா, எங் கல்யாணத்த நிறுத்துனது நீ இல்ல. நாந்தேன். மாப்ள வீட்டுல நக கேட்டாகன்னு நீயாச் சொல்லி, ஊருல அம்புட்டுப் பேரு ஏச்சும் நீதேன் வாங்கிக்கிட்ட. எனக்குப் பிடிக்கலன்னு நாந்தேன் ஒங்கிட்ட அழுதேன்."

எனக்கே அன்றுதான் தெரியும். பெண்ணின் வாழ்வைக் கெடுத்த வாயாடி என்று உன் ஆத்தாவை நானும் மனதுக்குள் வைதிருக்கிறேன். ஊர்ப் பெண்கள் நிறைந்த ஜீப்புக்குள் அந்தச் செய்தி வாசிக்கிற குரல் இதைச் சொல்லி முடித்திருக்கும். உன் விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றுவிட்டன.

இருப்பிடம் வந்தது. நான் போனைப் பிடுங்காத குறையாக எடுத்துப் பென்னிக்குச் சொல்லப்போனேன். மேல் வழிக்குப் பக்கத்தில் புள்ளி. "நில்லு" என்று என் கையைத் தட்டிவிட்டாய். பதிலின் கடைசி வரியைக் காட்டினாய். பிழை இரண்டு கிலோமீட்டர். "இது எடம் இல்லடி, வட்டம். ரெண்டு வழியும் இதுக்குள்ளதேன் இருக்கு." துல்லியமா, தோராயமா என்று அனுமதிக் கேள்வியோடு காட்டும் இரண்டு படங்களில் தோராயத்தின் மேல் ஆத்தாவின் விரல் பட்டிருந்தது. மறுபடி கேட்கவைத்து, "ஆத்தா, துல்லியம்னு இருக்கும், அத அமுக்கு" என்று தட்டினாய். இந்தத் தடவை உடனே பட்டது. பிழை ஒன்பது மீட்டர். கீழ் வழி, ஓடையோரம். நான் சொல்லவிருந்த வழியில் பென்னி போயிருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன். பதில் வந்தால் போதாது, அது எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்றும் கேட்கவேண்டும் என்று நீ பிற்பாடு என்னிடம் அடிக்கடி சொல்வாய். எந்தக் காரியத்திலும் அதை இப்போது கேட்கிறேன்.

ஒரு சில்வர் ஓக் மரம் ஜீப்பைத் தாங்கிக்கொண்டிருந்ததாம். முத்தையா அண்ணன் மண்டை உடைந்து மயங்கிக் கிடந்தார், பிழைத்துக்கொண்டார். பெண்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. போடியில் இறங்கியதும் ஆத்தா உன் கன்னத்தில் ஒன்று வைத்தார். "அடி கிறுக்கி, அம்புட்டுப் பேரு முன்னாடியா?" அன்றோடு பேச்சு வந்துவிட்டது. அந்தப் பெண்கள் யாரும் அதைப் பற்றி ஊரில் மூச்சு விடவில்லை என்பது உனக்கும் தெரியும்.

ஆனால் உனக்கு ஒரு முள் உள்ளேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாட்களில்கூட, ஆத்தா வெளியே போன நேரம் பார்த்து என்னிடம் சொன்னாய். "எம்புட்டுச் சொன்னேன். நாந்தேன்னு தெரியலயே அவளுக்கு. கொரல் இல்லன்னா பெத்தவளுக்கே என்னைத் தெரியாதா?" நான் சமாதானம் சொன்னேன். நீயே பாடம் எடுத்தது தானே என்றேன். நீ சிரிக்கவில்லை. அந்தக் குறையோடுதான் போனாய்.

ஆத்தா இன்னும் மலைக்குப் போகிறார். போன வாரம் தேனிச் சந்தைக்கு வந்தவர் கடையில் உட்கார்ந்து டீ குடித்தார். உன் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு ஏன் உடனே அமுக்கவில்லை, அவளை நம்பவில்லையா என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மொதல்ல 'ஆத்தா, நாந்தேன்'னுச்சே, அப்பவே தெரியும் தாயி. வேற எவ அப்பிடிக் கூப்புடுவா? முத்தையாவுக்கு மூச்சு சீரா வந்துச்சு, துணியக் கட்டி ரத்தத்த நிப்பாட்டிட்டோம். நாலு மாசமாப் பேசாதவ பேசுறா. அமுக்கிட்டா வேல முடிஞ்சுச்சுன்னு நிறுத்திப்புடுவா. இன்னும் ரெண்டு வார்த்த பேசட்டும்னு கையிலயே வச்சிருந்தேன்."

மிச்ச டீயைக் குடித்து முடித்தார்.

"கல்யாணக் கதைய எடுக்கவும்தேன் பதறிப்போச்சு. ஊரு முன்னாடி இவளா இவ பேரக் கெடுத்துக்கிறாளேன்னு, அவ வாயப் பொத்தத்தேன் சட்டுன்னு அமுக்குனேன்."

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. உனக்குச் சொல்லவேண்டியது என்னிடம் வந்து தங்கிவிட்டது. யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இதை வைத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு உன்னைத் தெரிந்திருந்தது, ஏய். முதல் சொல்லிலேயே தெரிந்திருந்தது.