வேலையில் இருப்பவள் போன் எடுக்க மாட்டாள்

அடியே,

உன் போன் இன்னும் அடிக்கிறது. நீலசந்திராவில் உன் வீட்டு ஃபிரிட்ஜ் மேல், நீ வைத்துவிட்டுப் போன அதே மணியோடு, பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் மீறிக்கொண்டு அடிக்கிறது. உன் அம்மா அதைத் தினமும் துடைத்து, சார்ஜ் போட்டு, குரோஷாப் பின்னல் துணி விரித்து அதன்மேல் வைக்கிறார். அணைப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை.

போன புதன்கிழமை காலைப் பரீட்சைக்கு மேற்பார்வை முடிந்ததும் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது உன் போன் அடித்தது. எனக்குக் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. அவர் அசையவே இல்லை.

“யாருன்னு பாக்கலையாம்மா?” என்றேன்.

“பாத்து இன்னா பண்றது? எடுத்தா அவளக் கேப்பாங்க. அவ இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது கண்ணு. இந்த நம்பர் வேற ஒரு வாரமா விடாம அடிக்குது.”

எழுந்துபோய்ப் பார்த்தேன். நம் கல்லூரி வேலைவாய்ப்பு அறையின் எண். அந்த அறையின் போனைக் கட்டிக்கொண்டு நாம் இருவரும் அழுத மாலைகளை நினைத்தால் அந்த எண் எனக்கு எப்படி மறக்கும்?

“காலேஜ்லேருந்தும்மா. அங்க படிச்சவங்களுக்கு வேலை கிடைச்சிருக்கான்னு கேக்கறாங்க.”

“வேலையா? அந்தப் புள்ளைக்கு வேலையத் தவிர வேற இன்னா தெரியும்?” என்று சொல்லிவிட்டு மோர் எடுத்துவர உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை.

அதற்குள் மணி ஓய்ந்திருந்தது. அந்த நிமிடம் கல்லூரியில் ஒருவர் உன் பெயருக்கு எதிரே என்ன பதிந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அந்தக் கூத்தை முதலில் கண்டுபிடித்தவளே நீதானே.

எம்.எஸ்ஸி. கடைசி வருடம் நமக்கு. கணிதப் பட்டப்படிப்பை மூடப்போகிறோம், இனி சேர்க்கை இல்லை என்று நிர்வாகம் சொன்ன வருடம். காரணம் கேட்டதற்கு ஒரு புள்ளிவிவர அறிக்கையைக் காட்டினார்கள். வண்ண வண்ண வட்டப்படங்கள், வழவழப்பான தாள். நம் துறையில் படித்து வெளியே போனவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வேலை இல்லை என்றது அறிக்கை. கல்லூரிச் செயலாளர் கூட்டம் போட்டு, “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா” என்றார். நான் அழுகிற நிலையில் இருந்தேன். லிங்கராஜபுரத்தில் என் அப்பா சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் ‘ஸ்டெல்லா கணக்குல எம்.எஸ்ஸி. பண்றா’ என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. நீ என் காதோடு, “சுரைக்காயை இவரு எந்தச் சந்தையில விசாரிச்சாராம்?” என்று கேட்டாய். கேட்டதோடு நிற்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு நேரே வேலைவாய்ப்பு அறைக்குப் போனாய்.

அப்போது இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். டீ வரவழைத்துக் கொடுத்தார். பழைய மாணவர்கள் எல்லாருக்கும் போன் போட்டு விசாரித்தோம் என்றார்.

“எப்ப சார் போன் பண்ணீங்க?”

“ஆபீஸ் டைம்லதான் மா. வேற எப்ப பண்றது?”

“எடுக்காதவங்கள என்ன சார் பண்ணீங்க?”

“எடுக்கலன்னா வேலை இல்லன்னு அர்த்தம். வேலை கிடைச்சவன்னா பெருமையா எடுத்துச் சொல்லுவானே! சும்மா இருக்கிறவன்தான் கூச்சப்பட்டு எடுக்க மாட்டான்.”

நீ டீயைக் கீழே வைத்தாய். “சார், பதினோரு மணிக்கு அடிச்சா போனை எடுத்து நிம்மதியாப் பேசறவன் யாரு? வேலை இல்லாதவன். வேலையில இருக்கிறவன் எடுக்கவே மாட்டான். எடுத்தவனும் வேலையில்லாதவன், எடுக்காதவனும் வேலையில்லாதவன்னா, அப்புறம் இந்த பெங்களூர்ல வேலையில இருக்கிறது யாரு சார்? நீங்க மட்டுமா?”

அவர் சிரித்துவிட்டார். நல்லவேளை சிரித்தார். சிரித்த கையோடு, “அப்போ நீங்களே பண்ணுங்களேன்” என்று போனை நம் பக்கம் தள்ளினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயே என்று நான் உன்னைத் திட்டினேன்.

அந்த மாதம் முழுக்க மாலையில் அந்த அறையிலேயே கிடந்தோம். ஆபீஸ் விட்டு ஆட்கள் பஸ்ஸுக்கு நிற்கிற நேரமாகப் பார்த்து அடித்தோம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகு அடித்தோம். எடுத்தார்களடி! வங்கியில் ஒருத்தர், பள்ளிக்கூடத்தில் பல பேர், ஆஸ்பத்திரியில் மருந்து இருப்புக் கணக்கு பார்க்கிற ஒரு அக்கா. வைட்ஃபீல்டில் ஒருத்தர் தன் பதவியின் பெயரைச் சொன்னார். அதில் கணக்கு என்ற வார்த்தையே இல்லை. ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை நிகழ்தகவுதான் போடுகிறேன் என்றார். வேலை எங்கேயும் போய்விடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எல்லாமே இனிப்பாக இருக்கவில்லை. நிஜமாகவே வேலை கிடைக்காதவர்களும் இருந்தார்கள். மாமியார் வீட்டில் வெளியே விடாத ஒருத்தி போனிலேயே அழுதாள். சாப்பாடு டெலிவரி பண்ணுகிற ஒருத்தர், “வேலைன்னே எழுதுங்க, வேலைதானே பண்றேன்” என்றார். அவரை எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று நாம் சண்டை போட்டோம். வேலை இருப்பவர்களோடு சேர்த்துவிடலாம், நமக்கு எண்ணிக்கை கூடும் என்றேன் நான். நீ முறைத்தாய்.

“ஜோடிக்காதடி. அவரு வேலை பாக்கறாரு, அது நெஜம். படிச்ச படிப்புக்கு ஏத்த வேலை கிடைக்கல, அதுவும் நெஜம். ரெண்டையும் எழுது. அவங்க பண்ண தப்ப நாம திருப்பிப் பண்ணா அப்புறம் நாம எதுக்கு?”

எழுதினோம். இருப்பது, இல்லாதது, பாதி இருப்பது, தெரியாதது எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதினோம். தெரியாததைத் தெரியாது என்றே எழுதியதுதான் அந்த அறிக்கையின் அழகு. அதில் வட்டப்படம் கிடையாது, வழவழப்பும் கிடையாது. செயலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, “சரி, நோடோணா” என்றார். பார்க்கலாம் என்றால் இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்கும் எனக்கும் தெரியாதா? மூடும் பேச்சு அதோடு அடங்கியது. நான் அதே துறையில் பாடம் நடத்த வந்தேன். நீ இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனாய்.

எந்த வயதில் யாருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிற வேலை. எம்.ஜி. ரோடு வரை பஸ், அங்கிருந்து வைட்ஃபீல்டுக்கு மெட்ரோ. பெட்டியில் நின்றபடியே எனக்குச் செய்தி அனுப்புவாய். ஒருமுறை, சாவை வைத்துக் கணக்குப் போட உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். “நம்ம வயசுப் பொண்ணு சாகறது ரொம்ப அபூர்வம்டீ” என்றாய். கொஞ்சம் விட்டு, “அபூர்வம்னா நடக்காதுன்னு அர்த்தம் இல்ல” என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் லேப்டாப்பைக் கேட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினாய். அடுத்த வாரம் நீ இல்லை. உன் கணக்கு சரிதான். என்னால்தான் இன்னும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கோபம் கோபமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இப்போது யார்மேல் என்று தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை வேலைவாய்ப்பு அறைக்குப் போனேன். மறுபடியும் மூடப்போகிறார்களாம். மறுபடியும் ஒரு அறிக்கை, அதே வட்டப்படங்கள், இன்னும் பளிச்சென்று. பழைய அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார், நாம் கற்றுக்கொடுத்ததும் அவரோடு போய்விட்டது. புதியவரின் கணினித் திரையில் உன் பெயரைத் தேடினேன். இருந்தாய். ‘பதில் இல்லை, வேலை இல்லை.’

“இவங்க என் ஃபிரெண்ட். இன்சூரன்ஸ்ல வேலை பாத்தாங்க. இறந்துட்டாங்க” என்றேன்.

அவருக்கு முகம் வாடிவிட்டது. “ஐயோ, ஸாரி மேடம். டிலீட் மாடிபிட்லா?” என்று கேட்டார். அழித்துவிடட்டுமா என்று.

“வேண்டாம்.”

“அப்போ என்ன போடறது? சிஸ்டம்ல வேற ஆப்ஷன் இல்ல மேடம்.”

அவரைத் திட்டி என்ன பயன்? இருந்தும் திட்டினேன். உன்னை வேலையில்லாதவள் என்று எழுதவும் விட மாட்டேன், நீ இங்கே படிக்கவே இல்லை என்பதுபோல் அழிக்கவும் விட மாட்டேன் என்றேன். பாவம், அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை கூட்டம். செயலாளர், முதல்வர், துறைத்தலைவர்கள் எல்லாரும் நீள மேஜையைச் சுற்றி. செயலாளருக்குத் தலை நரைத்திருக்கிறது, சுரைக்காய் மட்டும் அப்படியே இருக்கிறது. கூடுதலாக இன்னொன்று சேர்ந்திருக்கிறது. “இனிமே கணக்கெல்லாம் மெஷினே போட்டுடும். மேத்ஸ் படிச்சு என்ன பண்ணப்போறாங்க?” என்றார். மெஷின் போட்ட கணக்கு தப்பு என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா என்றேன்.

“மேடம், நீங்க உங்க வேலைக்காகப் பேசறீங்க” என்றார் செயலாளர்.

மேஜையைச் சுற்றி எல்லாரும் குனிந்துகொண்டார்கள். முன்பென்றால் நானும் குனிந்திருப்பேன்.

“ஆமா சார், என் வேலைக்காகத்தான் பேசறேன். என் வேலை கணக்கு. தப்பான கணக்கைப் பாத்து வாயை மூடிட்டு இருந்தா எனக்கு எதுக்கு சம்பளம்?”

சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் என் போனை எடுத்தேன். புது சிம் போட்ட போன். நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாயோ அதைச் செய்தேன். செயலாளரின் எண்ணுக்கு அடித்தேன். மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த அவர் போன் உறுமியது. அவர் திருப்பிப் பார்த்தார், தெரியாத எண், பழக்கதோஷத்தில் வெட்டிவிட்டார். மறுபடி அடித்தேன். மறுபடி வெட்டினார்.

“அது நான்தான் சார்” என்று என் போனைத் தூக்கிக் காட்டினேன். “பகல்ல ரெண்டு தடவை அடிச்சோம், நீங்க எடுக்கல. நம்ம அறிக்கையோட முறைப்படி உங்களுக்கு வேலை இல்லை. எழுதிக்கட்டுமா?”

யாரோ களுக்கென்று சிரித்து இருமலாக மாற்றினார்கள். செயலாளர் சிவந்துபோனார். என்னை வெளியே போகச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அறிக்கையைப் புரட்டினார், புதியவரைப் பார்த்து, “எல்லாருக்கும் ஆபீஸ் டைம்லதான் பண்ணீங்களா?” என்று கேட்டார். புதியவர் தலையாட்டினார்.

முடிவைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன், ஜோடிக்காதடி என்பாய். எல்லாரையும் மறுபடி விசாரித்த பிறகு மூடினாலும் மூடுவார்கள். நிஜமாகவே வேலை குறைந்திருந்தால் அதையும் எழுதிக் கொடுக்கத்தான் போகிறேன். ஆனால் போன் எடுக்கவில்லை என்ற ஒரே குற்றத்துக்காக ஒரு துறையைப் புதைக்க விட மாட்டேன். விசாரிக்கிற பொறுப்பு என் தலையில்தான் விழுந்திருக்கிறது. ஓணான் மறுபடியும் மடியில்.

நேற்று மாலை வேலைவாய்ப்பு அறையில் உட்கார்ந்தேன். புதியவர் நான் கேட்டபடி புதுப் பத்திகள் போட்டு வைத்திருந்தார், கடைசியில் ‘மறைந்தவர்கள்’ என்று ஒன்று உனக்காகவே. அதே மேஜை, வேறு போன். முதல் எண்ணாக உன்னுடையதை அழுத்தினேன். யாரும் எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் அழுத்தினேன். குரோஷா துணிமேல் அது அதிர்வதும், அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்ப்பதும் கண்ணில் தெரிந்தது.

மணி நின்றது. யாரோ மூச்சு விடுவது கேட்டது.

“அலோ” என்றார் உன் அம்மா.

அழுதால் அவர் வைத்துவிடுவார் என்று பயந்து, எல்லாரிடமும் கேட்கிற கேள்வியையே கேட்டேன். கல்லூரியிலிருந்து பேசுகிறோம், உங்கள் மகளுக்கு வேலை உண்டா என்று. என் குரல் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் தெரியாதவர் போலவே பேசினார்.

“பாத்தாம்மா. எம் பொண்ணு கடைசி வரைக்கும் வேலை பாத்தா. இன்சூரன்ஸ் கம்பெனில. அவ இப்ப இல்ல. வேலை பாத்தான்னு நல்லா கொட்ட எழுத்துல எழுதிக்கோ.”

எழுதினேன். புதியவரை அருகில் அழைத்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்தினேன். மணி ஆறரை ஆகியிருந்தது, ஆபீஸ் விட்டு எல்லாரும் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம். எடுப்பார்கள்.