துண்டுகளைத் தேட வேண்டாம்

மாமா,

எருமப்பட்டிக்கு, எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். நாளைக்கு வாரேன். சோறும் கீரைக் கடைசலும் மூடி வெச்சிருக்கேன். ஊட்ல இருந்த துண்டு அத்தனையும் எடுத்துக்கிட்டுத்தான் போறேன், தேடாதீங்க.

வாசல்ல நிக்கிற பழைய அமெரிக்கக் காரு சூடாகுதுன்னு அதுக்கு லாரி ரேடியேட்டரும் ஃபேனும் மாட்டி, நேத்து ஸ்டார்ட் பண்ணிக் குனிஞ்சு பார்த்தீங்களே. தோள்ல கிடந்த துண்டை ஃபேன் இழுத்து நார்நாராக் கிழிச்சுப் போட்டுது. "துண்டுதானே போச்சு, உடு புள்ள"ன்னு சிரிச்சீங்க. மத்த நாளெல்லாம் அதைக் கழுத்தைச் சுத்தித்தானே போடுவீங்க? நேத்தும் அப்படிப் போட்டிருந்தா?

ஃபேனுக்குக் கம்பி வலை அடிங்க. அப்புறந்தான் துண்டு தருவேன்.

சௌந்திரம்

குளிச்சுட்டுத் துவட்ட என் பழைய சேலை கொடியில கிடக்குது. அதையும் தோள்ல போட்டுக்கிட்டுக் காருகிட்டப் போயிராதீங்க.