நடுத்துண்டு

இஞ்சாருங்கோ,

சோறு குக்கரில் இருக்கிறது. அறக்குளா மீன் குழம்பைச் சூடாக்குங்கள். ஹீட்டர் திருத்த ஆள் வந்து போய்விட்டான், அறை இன்னும் குளிர்தான்.

நேற்றிரவு உங்களுக்காகச் சாப்பிடாமல் இருந்தேன். நீங்கள் வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்து, "உன்னை ஆர் காத்திருக்கச் சொன்னது?" என்றீர்கள். கோபத்தில் பட்டினியாகவே படுத்துவிட்டேன்.

காலையில் யோசித்தால், உண்மையாகவே யாரும் சொல்லவில்லை. அப்பா சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் அம்மா தனக்குப் போடுவா. பார்த்துப் பழகியதை மொன்றியலுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

இன்றைக்கு முதலில் நான் சாப்பிட்டேன், மேசையில் உட்கார்ந்து. நடுத்துண்டு மீனும் எனக்குத்தான். உங்களுக்கு வால்துண்டு வைத்திருக்கிறேன். இத்தனை வருடமும் உங்களுக்கே எடுத்துவைத்தேன், அது இவ்வளவு ருசி என்று நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லையே. இன்றைக்கு நான் சொல்லலாம் என்றால் முன்னால் ஆளில்லை.

லாசால் பாக்டரியில் வேலை முடிந்து கடைசி பஸ்ஸில்தான் வருவேன். நீங்கள் படுங்கள்.

வதனி

பி.கு: அம்மாவோடு கதைக்க வாங்கிய டெலிபோன் கார்ட் பிரிட்ஜின் மேல் இருக்கிறது. எடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று: ஞாயிறு நான் வேலையால் வர மத்தியானம் இரண்டு மணியாகும். அதுவரை சாப்பிடாமல் இருங்கள். ஆர் சொன்னது என்று கேட்க வேண்டாம். நான்தான் சொல்கிறேன்.